போன் மாற்றியதும், ஸ்டெப்ஸ் எண்ணக் கையில் கட்டும் ஃபிட்னஸ் பேண்ட் போனோடு சேராமல் போன அனுபவம் யாருக்காவது உண்டா?

வைகைக்கரை:
அப்பாவின் போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கினோம். இரண்டும் ஆண்ட்ராய்டுதான். வீட்டுக்கு வந்து பேண்டைச் சேர்க்கப் பார்த்தால் ‘வேறொரு போனுடன் இணைந்துள்ளது’ என்றது. அந்தப் பழைய போனில் இருந்ததையெல்லாம் கடையிலேயே அழித்துவிட்டார்கள். பேண்டை ரீசெட் செய்தால்தான் சேரும் என்றதால் செய்தேன். பைபாஸ் ஆபரேஷன் முடிந்து அப்பா நடந்த எட்டு மாதக் கணக்கும் போனது. முதல் நாள் ஆப்பில் லாகின் செய்யாமல் தாண்டியது நான்தான். எல்லாம் அந்தப் போனுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அப்பா திட்டவில்லை. சுவரிலிருந்த மாதக் காலண்டரைக் கழற்றி வந்து காட்டினார். பால் கணக்குக்குப் பக்கத்தில், கட்டத்துக்குக் கட்டம், பென்சிலில் அன்றைய ஸ்டெப்ஸ். முதல் கட்டத்தில் 640.

கோவை அம்மு:
உங்களுக்குச் சேரவாவது சேர்ந்தது. எனக்குச் சேர்ந்த பிறகுதான் வினை. அம்மாவுக்கு இசிஜி எடுக்கும் வாட்ச் வாங்கினேன். எந்த ஆண்ட்ராய்டோடும் சேரும் என்றார் கடைக்காரர், சேர்ந்தது. ஒரு நாள் இரவு இரண்டு மணிக்குப் படபடப்பு என்று எழுந்தார். பட்டனில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறார், வாட்ச்சோ போனில் இன்னொரு ஆப் வேண்டும் என்கிறது. அந்த ஆப் அதே கம்பெனி போனில்தான் ஓடுமாம். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம், அம்மா நலம். ஆனால் அந்த விரல் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

தாம்பரம் லோக்கல்:
அம்மு, கடைக்காரர் பொய் சொல்லவில்லை. சேர்வது வேறு, எல்லா வசதியும் வேலை செய்வது வேறு. எனக்கும் ரயிலில் மனைவியின் அழைப்பு பேண்டில் வராமல் போனது, பேட்டரியை மிச்சப்படுத்தவென்று போனே ஆப்பை மூடியிருந்தது. அதனால் சொல்கிறேன், வாங்கும் முன் பாருங்கள். ஆப்பிள் வாட்ச்சை ஐபோன் இல்லாமல் செட்டப் செய்யவே முடியாது. சாம்சங்கில் 2021-இல் வந்த கேலக்ஸி வாட்ச் 4 முதல் ஐபோனோடு சேராது. அதற்கு முந்தைய, டைசன் என்ற மென்பொருளில் ஓடிய வாட்ச்கள் பல சேர்ந்தன. பேண்ட் கண்ணில் படவில்லையா? ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை ப்ளூடூத்தில் தேடவே லொகேஷன் அனுமதி வேண்டும். 12-இல்தான் ‘அருகிலுள்ள சாதனங்கள்’ என்று தனி அனுமதி வந்தது. ஆப்புக்கு பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள், ஆப் தானாகத் தொடங்கும் ஆட்டோஸ்டார்ட் இருந்தால் போடுங்கள். போனைக் கைமாற்றும் முன் அதிலுள்ள ஆப்பிலேயே பேண்டை அன்பேர் செய்துவிடுங்கள், அதாவது இணைப்பை நீக்கிவிடுங்கள். லாகின் இல்லாமல் பயன்படுத்தவே கூடாது.

இரவுப்பணி:
லொகேஷன் கொடு என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். ஸ்டெப்ஸ் எண்ணும் பொருளுக்கு என் வீடு எதற்குத் தெரிய வேண்டும் என்று என் மாமியார் கேட்டார். அவருடையது ஆண்ட்ராய்டு 10. ப்ளூடூத் தேடலுக்குத்தான் என்று அந்தத் திரையில் ஒரு வரி எழுதியிருந்தால் கொடுத்திருப்பார். பேண்ட் இன்னும் பெட்டியோடு பீரோவில் இருக்கிறது.

வைகைக்கரை:
தாம்பரம், அன்பேர் செய்யச் சொன்னது சரி, அது எனக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும். இப்போது லாகின் போட்டுவிட்டேன். இன்று காலை அப்பா ரேஸ்கோர்ஸ் மைதானம் போய்வந்தார், ஆப்பில் 4,312. மாட்டிய சட்டையோடு நேரே காலண்டரிடம் போய் அதையும் எழுதினார்.