நாடகத்துக்கு முந்தைய அந்த ஒரு நிமிட அறிவிப்பு: உங்கள் அனுபவம்?

மழைநகரவாசி:
கனடாவின் வான்கூவரில் ஒரு நாடக அரங்கில் மூன்று வருடமாக வார இறுதிகளில் தன்னார்வலராக நிற்கிறேன். டிக்கெட் பார்த்து இருக்கை காட்டும் வேலை. சேர்ந்த அன்று ஒரு தாள் கொடுத்தார்கள். மரியாதை, சமத்துவம், எல்லோருக்கும் இடம், பூர்வகுடிகளுடன் நல்லிணக்கம் என்று அரங்கின் கொள்கைகள் வரிசையாக இருந்தன. வாடகை ஒப்பந்தத்தைப் படிக்கிற லட்சணத்தில் படித்துக் கையெழுத்துப் போட்டேன்.

ஒவ்வொரு காட்சிக்கு முன்பும் அறிவிப்பு வரும்: இது மஸ்குவியம், ஸ்குவாமிஷ், ஸ்லேவாதூத் மக்கள் விட்டுக்கொடுக்காத நிலம். ஒப்பந்தம் போட்டு வாங்கியதும் இல்லை, விலை கொடுத்ததும் இல்லை. 2014-இல் நகர மன்றமே இதைத் தீர்மானமாக ஏற்றது. எனக்கோ அது, செல்போனை அணைக்கச் சொல்வதற்கு முன்னால் வரும் இன்னொரு அறிவிப்பு.

போன குளிர்காலத்தில் கடைசி வரிசையில் ஒரு பூர்வகுடிப் பாட்டி உட்கார்ந்திருந்தார். எழுபது வயதுக்கு மேலிருக்கும். "தினமும் கேட்கிறாயே, அலுக்கவில்லையா?" என்றார். "பழகிவிட்டது" என்றேன். சிரித்தார். "என் பாட்டி காலத்தில் ஆடினால் ஜெயில், தெரியுமா?"

தெரியாது. வீட்டுக்கு வந்து தேடினேன். விருந்தும் நடனமும் பரிசளிப்பும் சேர்ந்த, இந்தக் கடற்கரை மக்களின் பொட்லாட்ச் விழாவை 1885 முதல் 1951 வரை சட்டம் தடை செய்திருந்தது. 1914-இல் இன்னொரு திருத்தம்: மேற்கு மாகாணங்களில் பூர்வகுடிகள் தங்கள் உடையில் எந்த நடனத்திலோ காட்சியிலோ தோன்ற அரசாங்க அதிகாரியின் அனுமதி வேண்டும். நிலத்துக்கும், பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பத்திடமிருந்து பிரித்து வைத்த விடுதிப் பள்ளிகளுக்கும்தான் நல்லிணக்கம், நாடகக்காரர்களுக்கு இதில் என்ன வேலை என்று நினைத்திருந்தவன் நான்.

பனிக்குல்லா:
நான் வேறொரு ஊரில் மேடைக்குப் பின்னால் வேலை பார்த்தவள். ஒரு பூர்வகுடி நடனக் குழு வந்தது. ஆடுமுன் சேஜ் இலையைக் கொளுத்திப் புகை காட்டுவார்கள், நம்ம வீட்டில் சாம்பிராணி போடுகிற மாதிரி (அவர்களுக்கு அதன் பொருள் வேறு, ஒப்பிடுவதற்கு மன்னிக்கவும்). தீ எச்சரிக்கை மணி அடித்துவிடும் என்று நிர்வாகம் மறுத்துவிட்டது. பின்கதவுக்கு வெளியே, குப்பைத் தொட்டிகள் பக்கத்தில், மைனஸ் இருபதில் நின்று செய்தார்கள். வரவேற்பறைச் சுவரிலோ கொள்கைகள் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கின!

அடுத்த வருடம் அதே குழு வந்தபோது கட்டடப் பொறியாளர் அந்த அறையின் புகை உணர்கருவியை மட்டும் அரைமணி நேரம் அணைத்து, காவலுக்கு ஓர் ஆளையும் நிறுத்தினார். மொத்தச் செலவு ஒரு படிவம். என்னைக் கேட்டால் கொள்கை என்பது அந்தப் படிவம்தான்.

கடலோரக்காரன்:
எனக்கு உந்த அறிவிப்பிலை நம்பிக்கை போய்க் கன காலம். ஒருக்கா ஒரு மேலாளர் வாசிக்கேக்கை பேரிலை தடக்கி, தானே சிரிச்சு, "என்னவோ ஒண்டு" மாதிரிக் கடந்து போனார். சபையும் சேர்ந்து சிரிச்சுது. வந்த புதுசிலை பள்ளிக்கூடத்திலை என்ரை பேரைக் கடிச்சுத் துப்பினது ஞாபகம் வந்திட்டுது. மூண்டு பேர் பாடமாக்க எவ்வளவு நேரம் வேணும்?

பழைய ரசிகை:
கடலோரக்காரன், உங்கள் கோபம் நியாயம். ஆனால் இங்குள்ள மேடைகளுக்கு இன்னொரு கதையும் உண்டு. 1967-இல் வான்கூவர் பிளேஹவுஸ் 'தி எக்ஸ்டஸி ஆஃப் ரீட்டா ஜோ' நாடகத்தை முதன்முதலில் போட்டது. நகரத்துக்கு வந்து சீரழிக்கப்படும் பூர்வகுடிப் பெண்ணின் கதை. தந்தையாக நடித்தவர் ஸ்லேவாதூத் மக்களின் தலைவராக இருந்த டான் ஜார்ஜ். தன் சொந்த நிலத்தில் நின்று நடித்தார். ரீட்டா ஜோவாக நடித்ததோ ஒரு வெள்ளைக்கார நடிகை. அதே தாயகத்தில் ஒரு மகள் கிடைக்கவில்லையாம்!

அந்தக் குறை தீர நாளானது. ஒட்டாவாவின் தேசிய கலை மையத்தில் ஆங்கில, பிரெஞ்சுப் பிரிவுகளுக்குச் சமமாகப் பூர்வகுடி நாடகப் பிரிவு தன் முதல் பருவத்தைத் தொடங்கியதே 2019-இல்தான்.

மழைநகரவாசி:
கடலோரக்காரன், உங்கள் பதிவைப் படித்த பிறகு அந்த மூன்று பெயர்களையும் குளியலறையில் சொல்லிப் பழகினேன். போன சனிக்கிழமை அறிவிப்பவர் வரவில்லை, என்னை வாசிக்கச் சொன்னார்கள். 'ழ' சரியாக வராதவரைக் கிண்டல் செய்கிற வாய் இது. ஸ்லேவாதூத்தில் கொஞ்சம் இடறியது. நிறுத்தி, மறுபடி சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.