பிள்ளைகள் வாயால் சொல்லும் கதை நோட்டில் ஏறும்போது ஏன் உயிரிழந்துவிடுகிறது?

கம்பம் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். கொரோனாவுக்குப் பிறகு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்தேன். அதில் பழகிய பிள்ளைகள் என்னை விடவில்லை. இப்போது சனிக்கிழமைதோறும் எங்கள் ஊர்ப்புற நூலகத்தில் கூடுகிறோம். நான்காம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை படிக்கிறவர்கள். வாசிப்பதில் குறையில்லை. எழுதச் சொன்னால்தான் எனக்கு மனம் ஆறுவதில்லை.

ஒரு சிறுமி. அவளுடைய அம்மா விடியுமுன் ஜீப்பில் ஏறி, மெட்டு மலைப்பாதையைத் தாண்டி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார். தினமும் வழியனுப்பப் போகிற இவள் அந்த ஜீப்பைப் பற்றிச் சொல்வதைக் கேட்க வேண்டும்! முன்சீட்டுக்கு யார் யார் முந்துவார்கள், எந்த வளைவில் யாருக்கு வாந்தி வரும், டிரைவர் அண்ணன் எந்த அத்தைக்காக மட்டும் ஹாரன் அடிக்காமல் காத்திருப்பார் என்று அத்தனையும் அவளுக்குத் தெரியும். அவளே 'என் அம்மா' என்று எழுதியது இது: "என் அம்மா மிகவும் நல்லவர். என் அம்மா கடினமாக உழைப்பவர். எனக்கு என் அம்மாவை மிகவும் பிடிக்கும்." ஜீப் இல்லை, ஏலக்காய் இல்லை, பார்க்கப்போனால் அவள் அம்மாவே அதில் இல்லை.

கற்பனைக் கதையும் அப்படித்தான். எல்லார் நோட்டிலும் ஒரே காடு, ஒரே சிங்க ராஜா, முடிவில் "நீதி: ஒற்றுமையே பலம்". நான் எங்கே தொடங்க வேண்டும்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். சென்ற வாரம் ஒரு பையன், அப்பா குடித்துவிட்டு வந்த ஓர் இரவைப் பற்றி எழுதிக் கொடுத்தான். "சத்தமாக வாசிக்காதீர்கள் அக்கா" என்றான். நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அவனிடம் என்ன பேசுவது?

கரிசல் டீச்சர்:

வணக்கம் அம்மா. கோவில்பட்டிப் பக்கம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்தச் சிறுமியிடம் ஒரு குறையும் இல்லை. 'என் அம்மா' என்ற தலைப்புதான் அவளை அந்த மூன்று வரிக்குள் தள்ளிவிட்டது. பெரிய தலைப்பைக் கொடுத்தால் பிள்ளைகள் அதற்கேற்ற பெரிய சொற்களைத் தேடிப் போவார்கள். நல்லவர், உழைப்பாளி, தியாகி என்று யார் அம்மாவுக்கும் பொருந்துகிற சொற்கள்தான் கிடைக்கும். ஆகவே தலைப்புக் கொடுக்காதீர்கள். கேள்வி கேளுங்கள். அதுவும் பிள்ளை ஏற்கெனவே சொன்னதன் நுனியைப் பிடித்துக் கேளுங்கள்.

என் வகுப்பில் ஒரு பையன் எழுதினான்: "எங்கள் வீட்டில் ஆடு உள்ளது. ஆடு பால் தரும். ஆடு ஒரு பயனுள்ள விலங்கு." பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

– ஆட்டுக்குப் பேர் என்ன?
– கருப்பி.
– கருப்பி மேல் உனக்குக் கோபம் வந்தது உண்டா?
– பொங்கல் சட்டையைத் தின்றுவிட்டது டீச்சர்.
– முழுச் சட்டையையுமா?
– காலரை மட்டும். அம்மா கஞ்சி போட்டுக் கொடியில் காயவைத்திருந்தார்.
– அப்புறம் பொங்கலுக்கு எதைப் போட்டாய்?
– அதையேதான். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டேன். எல்லாரும் காய்ச்சலா என்று கேட்டார்கள்.

"இதை எழுது" என்றேன். "இதையா?" என்று அவன் திகைத்துப் போய்க் கேட்டான். தனக்கு நடந்தது எழுதத் தகுந்தது என்று அதுவரை அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அதுதான் நிலைமை. ஆடு பயனுள்ள விலங்கு என்று எழுதினால் சரி போட்டுத்தான் பழக்கியிருக்கிறோம்.

கற்பனைக் கதைக்கு வேறு பாதை தேட வேண்டியதில்லை. நடந்ததில் ஒன்றே ஒன்றை மாற்றச் சொல்லுங்கள். அதே கதையைக் கருப்பி சொல்வதாக எழுதச் சொன்னேன். அவன் எழுதியதில் இன்றைக்கும் எனக்கு மனப்பாடமாக இருப்பது இந்த வரிகள்: "தினமும் எனக்குத்தான் கஞ்சி ஊற்றுவார்கள். அன்றைக்கு மட்டும் ஏன் கொடியில் காயவைத்தார்கள் என்று தெரியவில்லை. எட்டிப் பிடித்துத் தின்றேன்." ஒன்பது வயதுப் பிள்ளை ஆட்டின் பக்கத்து நியாயத்தைக் கண்டுபிடித்துவிட்டான்! கதை எழுதக் கற்பதில் இதைவிடப் பெரிய படி எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

சிங்க ராஜாவை விரட்ட வேண்டாம். அந்தச் சிங்கத்துக்கு என்ன வேண்டும், அது கிடைக்கவிடாமல் தடுப்பது யார் என்று இரண்டு கேள்வி கேளுங்கள், போதும். ஆனால் 'நீதி' வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைசி வரி இன்னது என்று தெரிந்துவிட்டால் பிள்ளை முதல் வரியிலிருந்தே அதை நோக்கி ஓடும், வழியில் எதையும் நின்று பார்க்காது. "மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது" என்ற வரிக்கும் இதே மருந்துதான். மகிழ்ச்சியாக இருந்தபோது என்ன செய்தாய் என்று கேளுங்கள். குதித்தேன் என்பார்கள், தம்பியைக் கிள்ளினேன் என்பார்கள். அதுவே வரியாகட்டும்.

முதலில் பேச்சு, பிறகுதான் பேனா. பிள்ளைகளை இருவர் இருவராக உட்கார வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். கேட்கிற பிள்ளை "அப்புறம்?" என்று கேட்டே ஆக வேண்டும் என்று விதி வையுங்கள். குஜராத்தின் பாவ்நகரில் 1920-இல் பாலமந்திர் என்ற மழலையர் பள்ளியைத் தொடங்கிய கிஜுபாய் பதேக்கா, வக்கீல் தொழிலை விட்டு ஆசிரியரானவர். கதை சொல்வதை அவர் பாடத்துக்கு நடுவே ஓய்வாக வைக்கவில்லை, கல்வியின் மையத்திலேயே வைத்தார். கதையைக் காதால் கேட்டுப் பழகிய பிள்ளைக்குத்தான் அது எங்கே நிற்கும், எங்கே திரும்பும் என்று தெரியும்.

பேசும் தமிழ் ஒன்று, எழுதும் தமிழ் ஒன்று என்றிருப்பது நம் பிள்ளைகளுக்குக் கூடுதல் சுமை. அந்தச் சிறுமி ஜீப்பைப் பற்றிப் பேசும் மொழி அவளுடையது. நோட்டைத் திறந்ததும் பாடப்புத்தகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. முதல் படியை அவள் வீட்டில் பேசுகிறபடியே எழுதட்டும். இரண்டாம் படியில் கதை சொல்லும் வரிகளை எழுத்துத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆட்கள் பேசும் வரிகளில் கை வைக்காதீர்கள். ஊர்ச் சொல்லை அடித்துவிட்டுப் புத்தகச் சொல்லை மேலே எழுதும் வேலை மட்டும் கூடவே கூடாது. எங்கள் பக்கத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன், கரிசல் காட்டுச் சொற்களுக்கென்றே 1982-இல் ஓர் அகராதி கொண்டுவந்தார். கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைகளுக்கும் அவர்கள் மண்ணின் சொற்கள் அவ்வளவு மதிப்புள்ளவைதான்.

அந்தப் பையன் விஷயத்தை எப்படிக் கையாள்வது என்று என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் எழுதட்டும்.

மதுரை அப்பா:

டீச்சர் சொல்வதைக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என் மகள் ஆறாம் வகுப்பு. எந்த 'ர' எங்கே வரும் என்று இன்னும் தடுமாறுகிறாள். தேர்வில் "குறிப்புகளைக் கொண்டு கதை எழுதுக" என்று கேட்டால், குறிப்பில் உள்ளதைப் பிழையில்லாமல் எழுதினால்தான் மதிப்பெண். முதலில் பிழையின்றி எழுதட்டும், கற்பனை பிறகு வரட்டும் என்பதே என் கருத்து.

கரிசல் டீச்சர்:

ஐயா, பிழை திருத்தக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. எப்போது திருத்துவது என்பதுதான் கேள்வி. முதல் படியிலேயே சிவப்பு மை பாய்ந்தால் பிள்ளை தனக்கு நிச்சயமாக எழுதத் தெரிந்த சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிடும். 'மொறுமொறுப்பு' என்று எழுத நினைத்தவள், 'ர'வா 'ற'வா என்று பயந்து 'நன்றாக இருந்தது' என்று எழுதிவிட்டுப் போவாள். அதில் பிழை இருக்காது, வேறு எதுவுமே இருக்காது.

முதல் படியில் உங்களுக்குப் பிடித்த ஒரு வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டு, ஏன் பிடித்தது என்று மகளிடம் சொல்லுங்கள். பிறகு, "இதை அத்தை வீட்டுக்கு அனுப்பப் போகிறோம், நல்ல பிரதி எடு" என்று சொல்லிப் பாருங்கள். எந்த 'ர' என்று அவளே உங்களிடம் வந்து கேட்பாள். அப்போது சொல்லிக்கொடுத்தது மறக்காது.

நாகை ஆசிரியர்:

கடலோரத்து அரசு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். அந்தப் பையனைப் பற்றி முதலில்.

நோட்டை அவனிடமே திருப்பிக் கொடுங்கள். தனியாகக் கொடுங்கள், ஆனால் கதவு திறந்திருக்கட்டும். "படித்தேன், என்னை நம்பிக் கொடுத்ததற்கு நன்றி" என்று சொன்னாலே அவனுக்குப் பாதி பாரம் இறங்கும். எழுத்துப் பிழை, வாக்கிய அமைப்பு என்று எதையும் தொடாதீர்கள். வீட்டில் அடி விழுகிறதா, இரவில் பயமில்லாமல் தூங்க முடிகிறதா என்று கேளுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அவனுக்கு ஆபத்து என்று தெரிந்தால் நீங்கள் பேசியே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098. அதை அவனுக்கும் சொல்லி வையுங்கள்.

எங்கள் வகுப்பில் ஒவ்வொரு தாளின் மூலையிலும் பிள்ளைகள் ஓர் அடையாளம் போடுவார்கள். வட்டம் போட்டால் எல்லாரும் வாசிக்கலாம். கோடு போட்டால் ஆசிரியர் மட்டும். கட்டம் போட்டால் எழுதியவர் மட்டும், நான்கூடப் பிரிக்க மாட்டேன். சொந்தக் கதை எழுதச் சொல்லும் யாரும் இப்படி ஓர் ஏற்பாடு செய்யாமல் தொடங்கக் கூடாது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பிள்ளையின் வாழ்க்கை நம் சுவரில் ஒட்டுவதற்கான பொருள் அல்ல.

அவன் விரும்பினால் அந்த இரவையே வேறோர் ஊரில், வேறொரு பையனுக்கு நடந்ததாக எழுதலாம். கற்பனைக்கு இப்படி ஒரு பயன் இருக்கிறது. 2004 சுனாமியில் உறவுகளை இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அப்போது அவர்கள் பிறக்கவே இல்லை, ஆனால் வீட்டில் கேட்டே வளர்ந்தவர்கள். ஒரு சிறுமி தன் கதையில் கடல் என்ற சொல்லை எழுதாமல் ஆரம்பம் முதல் முடிவு வரை 'பக்கத்து வீட்டுக்காரர்' என்றே எழுதினாள். அவர் ஒருநாள் கதவைத் தட்டாமல் உள்ளே வந்துவிட்டாராம். நான் விளக்கம் கேட்கவில்லை.

இனி உங்கள் முதல் கேள்வி. உங்கள் சிறுமி ஜீப்பை ஏன் விட்டுவிட்டாள்? உங்களுக்குத்தான் அது தெரியுமே! தெரிந்தவரிடம் யாரும் விவரம் சொல்வதில்லை. பிரான்சில் செலஸ்தேன் ஃப்ரெனே என்ற கிராமத்து ஆசிரியர் 1920-களில் வகுப்பறைக்குள் ஒரு சின்ன அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் தாங்கள் எழுதியதைத் தாங்களே எழுத்துக் கோத்து அச்சடித்து, நாட்டின் மறுகோடியில் இருந்த இன்னொரு பள்ளிக்கு அனுப்பினார்கள். ஊரைப் பார்த்தே இராத பிள்ளைகள் படிக்கப்போகிறார்கள் என்றால் எல்லாவற்றையும் சொல்லித்தானே ஆக வேண்டும்?

நமக்கு அச்சு இயந்திரம்கூட வேண்டாம், தபால் போதும். எங்கள் பிள்ளைகளுக்கு ஏலத்தோட்டம் தெரியாது. உங்கள் பிள்ளைகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் தெரிந்திருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாள்கள் அவை. அப்பா வீட்டில் இருக்கிற, கையில் காசில்லாத, வாசலில் வலை பின்னுகிற நாள்கள். என் பிள்ளைகள் எழுதுவதில் சிறந்தவை எல்லாம் அந்த நாள்களைப் பற்றியவைதான். பரிமாறிக்கொள்ளலாமா?

ஈரோடு நூலகர்:

கற்பனைக்கு ஒரு விளையாட்டு. இத்தாலியின் சிறுவர் எழுத்தாளர் ஜான்னி ரோதாரி (1920–1980) பள்ளிகளில் செய்து காட்டியது. ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு பொருள்களைச் சேர்த்துவிட வேண்டும். அவர் எடுத்துக்காட்டு நாயும் அலமாரியும். அலமாரியைச் சுமந்த நாய், நாயின் அலமாரி, அலமாரிக்குள் நாய் என்று ஒவ்வொரு வேற்றுமை உருபுக்கும் ஒரு கதை கிடைக்கும். நாயும் குதிரையும் என்றால் நடக்காது, இரண்டும் ஒரே கூட்டம்.

நான் எவர்சில்வர் டப்பாவில் சீட்டுப் போட்டு எடுக்கச் சொல்கிறேன். ஒருத்திக்குத் தபால்காரரும் குக்கர் விசிலும் வந்தன. விசில் கேட்டாலே தன்னைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய்விடுகிற தபால்காரர், தெருக்கோடிக்கு வர மாலையாகிவிடுகிறது. தெருக்கோடி வீட்டில் ஒரு பாட்டி ஓய்வூதியத்துக்காகக் காத்திருக்கிறார். பாட்டி கதைக்குள் வந்ததும் மற்ற பிள்ளைகள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கவனித்தார்கள்.

கம்பம் வாசகி:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று பையனிடம் நோட்டைக் கொடுத்துப் பேசினேன். அவன் பாதுகாப்பாகத்தான் இருக்கிறான், பாட்டி கூடவே இருக்கிறார். தாளின் மூலையில் கட்டம் போட்டுக்கொண்டு பைக்குள் வைத்துவிட்டான்.

சிறுமியிடம், நாகையில் ஜீப்பையோ ஏலத்தோட்டத்தையோ பார்த்திராத பிள்ளைகள் படிக்கப்போகிறார்கள் என்று மட்டும்தான் சொன்னேன். இரண்டு பக்கம் எழுதினாள். அதில் ஒரு துண்டு: "ஜீப்பில் இடம் இல்லை என்றால் அம்மா பின்னால் கம்பியைப் பிடித்து நிற்பார். வளைவில் திரும்பும்போது டார்ச்சை இரண்டு தடவை அணைத்து எரிப்பார். ஒரு தடவை என்றால் பள்ளிக்கூடம் போ. இரண்டு தடவை என்றால் தம்பியையும் கூட்டிப் போ. எப்போதும் இரண்டு தடவைதான்."

'நல்லவர்' என்ற சொல் எங்கேயும் இல்லை. இதற்கு மேல் இரண்டாம் படி தேவையா டீச்சர்?

கரிசல் டீச்சர்:

இந்தத் துண்டை யாரும் தொட வேண்டாம் அம்மா. ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கம்பியைப் பிடித்து நிற்கிறவர் இன்னொரு கையால் டார்ச் அடித்தால் சாப்பாட்டுத் தூக்கு எங்கே இருக்கும்? அவளுக்குத் தெரிந்திருக்கும்.

நாகை ஆசிரியர்:

முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். எங்கள் முதல் கடிதக் கட்டைத் திங்கட்கிழமை தபாலில் சேர்க்கிறேன். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ஏலக்காய் மரத்தில் காய்க்குமா, செடியிலா, கொடியிலா என்று கேட்டுத் தனித் தாள் வைத்திருக்கிறான். பதில் எழுதும்போது அதை விட்டுவிட வேண்டாம் என்று உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.