‘நொட்வித்ஸ்டாண்டிங்’: நடுவில் நிற்கும் ‘வித்’ யார் பக்கம்?

கேள்வி (உப்புவெளி வாசகர்):
மடிப்புகளில் பூச்சி அரித்திருந்த அப்பப்பாவின் ஆங்கில உறுதியை நேற்று விரித்து வாசித்தேன். காணி முழுவதையும் அப்பாவுக்கு எழுதிய பின், ‘மேற்கூறிய எதுவும் நொட்வித்ஸ்டாண்டிங்’ மாமிக்குக் கிணற்றில் தண்ணீர் அள்ளும் உரிமை உண்டு என்று ஒரு வாசகம் வருகிறது. நொட் என்றால் இல்லை, வித் என்றால் கூட, ஸ்டாண்டிங் என்றால் நிற்றல். மூன்றையும் சேர்த்தால் ‘கூட நில்லாமல்’ என்றல்லவா வருகிறது? அகராதியோ ‘இருந்தபோதிலும்’ என்கிறது. இந்தப் பொருள் எங்கிருந்து வந்தது?

பதில் 1 (நிலாவெளி):
வரலாறு எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் மாமியின் உரிமை நிலைக்கும். மேலே எழுதியதுதான் அதற்கு வழிவிட வேண்டும்.

பதில் 2 (உறுதிகளைத் தமிழாக்கும் ஒருவர்):
சிக்கல் முழுவதும் ‘வித்’ என்பதில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் அதன் முதற்பொருள் ‘எதிராக’ என்பதே. ‘கூட’ என்பதற்கு அப்போது ‘மிட்’ என்ற வேறொரு சொல் இருந்தது. அது வழக்கொழிந்தபின் ‘வித்’ அதன் இடத்தையும் எடுத்துக்கொண்டது. மருத்துவிச்சியைக் குறிக்கும் ‘மிட்வைஃப்’ என்ற சொல்லில் மட்டும் அந்த ‘மிட்’ இன்றும் ஒளிந்திருக்கிறது: கூட இருக்கும் பெண். ‘வித்ஸ்டாண்ட்’ என்றால் எதிர்த்து நிற்றல்; ஆகவே உங்கள் சொல்லுக்கு ‘எதிர்த்து நில்லாதிருக்க’ என்பதே நேர்ப்பொருள்.

14ஆம் நூற்றாண்டில், ‘தடையாக நில்லாமல்’ எனப் பொருள்படும் ‘நொன் ஒப்ஸ்டாண்டே’ என்ற லத்தீன் தொடரை அடியொற்றி இச்சொல் அமைந்தது. சட்டம் தடுத்தாலும் தமது ஆணை செல்லும் என்று காட்ட இங்கிலாந்து மன்னர்கள் அந்த லத்தீன் தொடரையே சாசனங்களில் எழுதிவந்தார்கள். 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் அதைப் பெயர் சொல்லியே கட்டுப்படுத்தியது.

பெயருக்குப் பின்னால் இச்சொல் வருவதும் பழைய அமைப்பே: ‘மேற்கூறிய எதுவும் எதிர்த்து நில்லாதிருக்க’. தமிழில் நான் ‘எது எவ்வாறிருப்பினும்’ என்று எழுதுவதுண்டு. பொருள் சரி, நிற்பவர்தான் காணாமற்போகிறார்.

உப்புவெளி வாசகர்:
நன்றி. ‘அவனோடு சண்டை பிடித்தான்’ என்னும்போது நமது ‘ஓடு’வும் எதிர்ப்பக்கம்தானே நிற்கிறது?

பதில் 2:
ஆம், ஆங்கிலத்திலும் சண்டைக்கு ‘வித்’தான். கடிதத்தில் ‘நிற்க’ என்று எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போகிறோமே, அங்கே நாம் முன்சொன்னதை ஓரமாக நிற்கவைக்கிறோம். ஆங்கிலேயர் அதைக் குறுக்கே நிற்காதே என்கிறார்கள்.