ஒரே துவைப்பில் மங்கிய டி-ஷர்ட்: சிரசுத் திருவிழாவுக்குள் சரிசெய்ய முடியுமா?

மோர்ப்பந்தல் (குடியாத்தம்):
வைகாசி முதல் நாள் எங்கள் ஊரில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. நீர்மோர் ஊற்றும் 20 பேருக்கும் ஒரே மாதிரி டி-ஷர்ட் நானே அச்சடித்துத் தருகிறேன் என்று வாய்கொடுத்து மாட்டிக்கொண்டேன். சும்மா கிடந்த பிரிண்டரில், சூட்டில் துணிக்கு மாறும் மையை ஊற்றினேன். மோர்ப்பானைப் படத்தை இடவலமாகத் திருப்பித் தாளில் அச்சிட்டு, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினேன். சோதனைக்கு எடுத்த தம்பியின் பழைய கிரிக்கெட் ஜெர்சியில் பளிச்சென்று வந்தது. நான்கு முறை துவைத்தும் அப்படியே இருக்கிறது. அந்தத் தைரியத்தில் வெள்ளை டி-ஷர்ட் 20 வாங்கி, மூன்றில் அச்சடித்தேன். ஒரே துவைப்பில் மோர்ப்பானை புகையாகிவிட்டது. அதே மை, அதே பெட்டி, அதே கை. எங்கே தவறினேன்? இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.

ரயிலடி (காட்பாடி):
போர் தண்ணீரில் துவைத்தீர்களா? உப்புத் தண்ணீர் எந்தச் சாயத்தையும் விட்டுவைக்காது. வினிகர் கலந்த நல்ல தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்துப் பாருங்கள்.

அச்சுமேசை (ராணிப்பேட்டை):
வினிகரை ஊறுகாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஜெர்சி பாலியஸ்டர். புதியவை என்ன துணி? கழுத்துச் சீட்டைப் பாருங்கள். மை பாட்டிலில் சப்ளிமேஷன் என்று இருக்கிறதா?

மோர்ப்பந்தல்:
இருக்கிறது அண்ணா. சீட்டில் 100 சதவீதம் பருத்தி என்று போட்டிருக்கிறது. நல்ல துணியாகக் கேட்டு வாங்கினேன்.

அச்சுமேசை:
நல்ல துணிதான், இந்த மைக்கு ஆகாத துணி. சப்ளிமேஷன் மை 190 முதல் 200 டிகிரி சூட்டில் ஆவியாகிப் பாலியஸ்டர் இழைக்குள் புகும். ஆறியதும் இழை இறுகி, சாயம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். பருத்தியில் அப்படிப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. மேலே படிந்தது முதல் துவைப்பிலேயே போய்விடும். தண்ணீர் மேல் பழி போட வேண்டாம்.

பாலியஸ்டர் டி-ஷர்ட்டாக மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். வெள்ளை அல்லது வெளிர் நிறம் மட்டுமே வாங்குங்கள். இந்த மையில் வெள்ளை கிடையாது. மஞ்சள் துணியில் நீலம் பச்சையாகத்தான் தெரியும்.

ஊசிநூல் (சத்துவாச்சாரி):
அண்ணா, கத்திரி வெயிலில் கூட்டத்துக்கு நடுவே நின்று மோர் ஊற்றப்போகும் பிள்ளைகளுக்குப் பாலியஸ்டரா? பத்து மணிக்குள் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். தம்பி, பருத்தியை வைத்துக்கொள்ளுங்கள். டி.டி.எஃப். (படத்தை முதலில் பிலிமில் அச்சிட்டு, பிறகு சூட்டில் துணியில் ஒட்டும் முறை) அச்சு எடுத்துத் தரும் கடைகளில் மீட்டர் கணக்கில் பிலிம் கிடைக்கும். வண்ணத்தோடு வெள்ளை மையும் பசைத்தூளும் அதிலேயே இருக்கும். பருத்தியில் ஒட்டும், கறுப்புத் துணியிலும் எடுபடும். படத்தை நீங்கள் திருப்பிக் கொடுக்க வேண்டாம், கடையிலேயே பார்த்துக்கொள்வார்கள்.

வீட்டில் அழுத்துவதென்றால் பெட்டியில் தண்ணீர் ஒரு சொட்டும் இருக்கக் கூடாது. மெத்தை விரித்த மேசை வேண்டாம். சப்பாத்திப் பலகை போலக் கெட்டியான மரம் வேண்டும். முதலில் வெறும் துணியைச் சில நொடி அழுத்தி ஈரத்தை விரட்டுங்கள். பிறகு பிலிமை வைத்து, மேலே பட்டர் தாள் போட்டு, சுமார் 150 டிகிரியில் 15 நொடி. இழுத்துத் தேய்க்கக் கூடாது. உடம்பின் பாரத்தைக் கொடுத்து அழுத்தி, தூக்கி, பக்கத்தில் வையுங்கள். ஆவித் துளைகளுக்குக் கீழே சூடு குறைவு என்பதால் இடம் மாற்றி இன்னொரு முறை.

மோர்ப்பந்தல்:
நான் இழுத்து இழுத்துத்தான் தேய்த்தேன் அக்கா. நாளைக்கே வேலூர் போய் பிலிம் வாங்கி வருகிறேன்.

மோர்ப்பந்தல் (நான்கு நாள் கழித்து):
முதல் டி-ஷர்ட்டில் அவசரப்பட்டுச் சூட்டோடு உரித்தேன். "கெங்கை"யின் கொம்பு பிலிமோடு வந்துவிட்டது. கடைக்குப் போன் செய்தால், இது ஆறிய பிறகு உரிக்கும் பிலிமாம். அடுத்தவற்றைக் கை பொறுக்கும் வரை ஆறவிட்டு உரித்தேன், ஓரம்கூடக் கிளம்பவில்லை. ஒரு நாள் விட்டு, ஒன்றை மட்டும் உட்புறம் வெளியே திருப்பி எங்கள் போர் தண்ணீரிலேயே துவைத்தேன். நிற்கிறது. பதினேழில் பதினாறு தேறின. மங்கிய மூன்றில் பழைய படத்தை மறைக்கும்படி பெரிய பானை போட இன்னும் கொஞ்சம் பிலிம் சொல்லியிருக்கிறேன்.

ஊசிநூல்:
கொம்பு போனது?

மோர்ப்பந்தல்:
அது எனக்கு.