செம்பு தட்டும் ஓசை: இது எந்தப் பறவை?

கேள்வி: கோண்டாவில்வாசி

வணக்கம். சில நாள்களாக எங்கள் வளவில், கன்னார் செம்பு தட்டுவதைப் போன்று ‘டொக், டொக்’ என்னும் ஓசை நண்பகல் வெயிலிலும் ஓயாமல் கேட்கின்றது. அயலில் யாரோ பட்டறை போட்டுவிட்டார்கள் என்றே எண்ணியிருந்தேன். நேற்றுத்தான், வேலியோர முள்முருக்கின் பட்ட கொப்பில், குருவியைவிடச் சற்றுப் பருத்த பச்சைப் பறவையொன்றைக் கண்டேன். நெற்றியும் மார்பும் கடுஞ்சிவப்பு. கண்ணைச் சுற்றி மஞ்சள். கொப்பின் கீழ்ப்புறத்தில் வட்டமான துளையொன்றும் உண்டு. வரும் கிழமை அக்கொப்பைத் தறிக்க ஆள் சொல்லியிருக்கின்றேன். இது மரங்கொத்தியா?

பதில்: ஆலடியான்

மரங்கொத்தி அன்று, ஐயா, செம்மார்புக் குக்குறுவான். ஏறத்தாழ 17 செ.மீ. நீளமே உள்ள இப்பறவை பாகிஸ்தானிலிருந்து பிலிப்பைன்ஸ் வரை பரந்து வாழ்கின்றது. அலகை மூடியபடியே தொண்டையைப் புடைத்து நிமிடத்துக்கு 100 தடவைக்கு மேல் ஒலிக்கும். தலையை இருபுறமும் திருப்பிக்கொண்டே கூவுவதால் ஓசை எத்திசையிலிருந்து வருகின்றது என்பது பிடிபடாது. பட்டறை என்று நீங்கள் ஏமாந்ததில் வியப்பில்லை.

பதில்: கதியால்

தயவுசெய்து தறிப்பதைத் தள்ளிவையுங்கள். ஆல், அரசு, இத்தி ஆகியவற்றின் பழங்களே இதற்கு முதன்மையான உணவு. வீட்டோர ஜாம் மரத்துக்கும் வரும், ஈசலையும் பிடிக்கும். ஆயினும் பழம் மட்டும் போதாது. தடித்த அலகால் தானே பொந்து குடைந்து, அதனுள் இரண்டு முதல் நான்கு முட்டைகள் இட்டு, ஆணும் பெண்ணும் மாறிமாறி அடைகாக்கும், இரவுறக்கமும் பொந்திலேயே. அதற்கு முள்முருக்குப் போன்ற மென்மரமோ உக்கத் தொடங்கிய கொப்போ வேண்டும். முள்முருக்குப் போன்ற கொப்புகளை நட்டுத் தழைக்கவிடும் கதியால் வேலிகளை நீக்கி மதில் கட்டும் நாம், பழமரம் நட்டுவிட்டுப் பறவை தங்கவில்லையே என்று குறைப்படுகின்றோம்.

பதில்: மேல்மாடி

கூரைமேல் விழுந்தால் ஓட்டுக்கு யார் பொறுப்பு? பறவைக்காகப் பட்ட கொப்பைக் கட்டிக் காப்பது எல்லா வளவுக்கும் பொருந்தாது.

பதில்: கதியால்

நியாயமே. பொந்துக்கு மேலே ஒரு முழம் விட்டு நுனியை மட்டும் தறிக்கலாம். அதுவும் குஞ்சுகள் வெளியேறிய பின்னர். இளம்பறவைக்கு மார்புச் சிவப்பு இராது, ஆகையால் வேறு பறவை என்று மயங்க வேண்டாம்.

கோண்டாவில்வாசி

அனைவருக்கும் நன்றி. கொப்பு கிணற்றடிப் பக்கமே சாய்ந்திருக்கின்றது, ஓட்டுக்குக் கேடில்லை. தறிப்பவருக்கு இப்போதே சொல்லி நிறுத்திவிட்டேன்.