ஏரிக்கரையில் கிடைத்த நடுகல்: திரட்டிய 6 லட்சத்தை எப்படிச் செலவிடுவது?

கேள்வி: ஏரிக்கரையான்

எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து 6 லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறோம். சென்ற கோடையில் ஏரியில் வண்டல் அள்ளியபோது கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள் நிறைய வெளிப்பட்டன. கரையில் பாதி புதைந்த நிலையில் எழுத்துள்ள நடுகல் ஒன்றும் இருக்கிறது. கீழடியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், இந்தப் பணத்தைக் கொண்டு நம் ஊரிலும் அகழாய்வு நடத்தலாம் என்கிறார்கள். தனியார் அறக்கட்டளை அமைத்து அப்படிச் செய்ய இயலுமா? இயலாதென்றால் இந்தத் தொகையை யாரிடம், எந்த வகையில் கொடுப்பது முறை? பணம் தந்தவர்களில் சிலர் வெளிநாட்டில் வசிக்கிறார்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

மறுமொழி 1: மைப்படிக்காரர்

அகழாய்வு எண்ணத்தை முதலில் கைவிடுங்கள். இந்தியத் தொல்லியல் துறையின் அனுமதி பெற்றுத்தான் மாநிலத் தொல்லியல் துறையே குழி போடுகிறது. பல்கலைக்கழகங்களுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் அதே நிலைதான். ஓடுகள் கிடைத்த செய்தியை வட்டாட்சியருக்கும் மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். மண்ணுக்குள் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் கூறுகிறது என்பது பலருக்குத் தெரியாது.

அதைவிட முக்கியமானது, தோண்டுவது இந்தத் துறையில் செலவு முடிகிற இடமன்று, தொடங்குகிற இடம் என்பது. 1882-இல் அமீலியா எட்வர்ட்ஸ் என்ற எழுத்தாளர் முன்னின்று லண்டனில் தொடங்கிய எகிப்து ஆய்வு நிதியம், பொதுமக்களின் சந்தாப் பணத்தில் நடந்தது. அதன் சார்பில் கிரென்ஃபெல், ஹன்ட் இருவரும் ஆக்சிரிங்கஸ் என்ற ஊரின் பழைய குப்பைமேடுகளில் 1896-க்கும் 1907-க்கும் இடையே ஆறு பருவங்கள் தோண்டிப் பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதிய பழைய ஏடுகளின் துண்டுகளைப் பெட்டி பெட்டியாக எடுத்தார்கள். முதல் தொகுதி 1898-இல் வந்தது. எண்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகள் வெளிவந்த பின்னும் படித்துப் பதிப்பிக்கும் வேலை இன்றளவும் முடியவில்லை. நம் ஆதிச்சநல்லூரில் 2004-05இல் நடந்த அகழாய்வின் அறிக்கைக்காக நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்ததை நினைத்துப் பாருங்கள். குழிக்குப் பணம் தர எல்லோரும் முன்வருவார்கள். ஓடுகளைக் கழுவி, எண்ணிட்டு, வரைந்து, அறிக்கை அச்சிடுவதற்குக் கேட்டால் கைபேசியை எடுக்கமாட்டார்கள்.

நல்ல மனத்துடன் கொடுத்த பணமே கேடு விளைவித்ததையும் கண்டிருக்கிறேன். ஒரு கோயில் திருப்பணியில், அதிட்டானம் எனப்படும் அடித்தளத்தின் குமுதப்படை என்ற கல்வரிசையில் ஓடிய சோழர்காலக் கல்வெட்டின் நடுவே நான்கு துளைகள் போட்டு, நன்கொடையாளர் பெயர் பொறித்த பளிங்குப் பலகையைப் பதித்திருந்தார்கள். அந்த இடத்தில் இருந்ததும் ஒருவர் விளக்குக்குக் கொடுத்த கொடையைப் பற்றிய செய்திதான்.

மறுமொழி 2: பேரேடு

கணக்குத் தணிக்கை என் தொழில் என்பதால் பணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு திருவிளக்குக்கு 96 ஆடுகள் என்று கணக்கு வைத்து, அவற்றை இடையர்களிடம் ஒப்படைத்து, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்று எழுதியிருப்பதை மைப்படிக்காரர் ஐயா நன்கு அறிவார். இத்தகைய ஆடுகளைத்தான் ‘சாவா மூவாப் பேராடு’ என்றார்கள். இறந்தவற்றுக்கு ஈடாகக் குட்டிகள் சேர்வதால் மந்தை குறையாது. விளக்கு எரிவது நெய்யில், ஆடு அப்படியே நிற்கும். (என் புனைபெயர் பேரேடுதான், பேராடு அன்று.) இன்று நாங்கள் மூலநிதி என்று எழுதுவது இதைத்தான்.

அறக்கட்டளைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, வருமானவரித் துறையில் பதிவும் நன்கொடையாளர்களுக்கு வரிவிலக்குச் சான்றும் பெற வேண்டும். மூலநிதிக்கென்று தருபவர் அதை எழுத்தில் குறிப்பிடுவது கட்டாயம். வட்டி 6.5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் 6 லட்சத்துக்கு ஆண்டுக்கு 39,000 ரூபாய் வரும். வெளிநாட்டில் இருப்பவர் இந்தியக் குடிமகனாக இருந்து தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பினால் சிக்கல் இல்லை. வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவரின் பணம் அயல்நாட்டு நன்கொடையாகிவிடும், அதற்குத் தனி அனுமதி தேவைப்படும். அறக்கட்டளையை நிர்வகிக்க ஆள் இல்லையென்றால், 1996-இல் மத்திய அரசு அமைத்த தேசியப் பண்பாட்டு நிதியத்துக்கு, இன்ன பணிக்கு என்று குறிப்பிட்டே கொடுக்கலாம். ஆனால் உங்கள் ஏரிக்கரை நடுகல்லுக்கு அது மிகப் பெரிய கதவு என்பது என் கருத்து.

மறுமொழி 3: கரும்பலகை

பேரேடு ஐயா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் முழுத்தொகையையும் வங்கியில் பூட்டிவிட்டு ஆண்டுக்கு 39,000 ரூபாயை எதிர்பார்த்திருப்பது எனக்கு உடன்பாடில்லை. நான் பள்ளி ஆசிரியை. கீழடியிலேயே 1970-களில் கிணறு தோண்டிய இடத்தில் கிடைத்தவற்றை மாணவர்கள் தங்கள் ஆசிரியரிடம் கொண்டுவந்து காட்டியதிலிருந்துதான் கதை தொடங்குகிறது. அந்த ஆசிரியருக்கு அதன் அருமை தெரியாமல் போயிருந்தால் எல்லாம் மண்ணோடு போயிருக்கும். ஆகவே ஒரு லட்சத்தையாவது இவ்வாண்டே உங்கள் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் நடத்தவும், பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லவும், ஏரிப் பகுதியை முறையாகப் படமெடுத்துப் பதிவு செய்யவும் செலவிடுங்கள். ஜேசிபி அடுத்த கோடையிலும் வரும்.

ஏரிக்கரையான்

மூவருக்கும் நன்றி. 5 லட்சத்தை மூலநிதியாக்கி, ஒரு லட்சத்தைப் பள்ளிக்கும் பதிவுப் பணிக்கும் ஒதுக்கலாம் என்று நண்பர்களிடம் எழுதியிருக்கிறேன். பெயர்ப்பலகை கிடையாது என்பதையும் சேர்த்துவிட்டேன், இருவர் இன்னும் பதில் தரவில்லை. நடுகல்லின் மேல் பல ஆண்டு எண்ணெயும் மஞ்சளும் கட்டிப்போயிருக்கின்றன. அதைச் சுத்தம் செய்துவிட்டு மைப்படி எடுப்பவரை, அதாவது கல்லெழுத்தைத் தாளில் மையால் படியெடுப்பவரை, அழைக்கலாமா?

மைப்படிக்காரர்

நீங்கள் கை வைக்காதீர்கள். அமிலமும் கம்பித் தூரிகையும் எழுத்தின் விளிம்பைத் தின்றுவிடும். எண்ணெய் இருக்கிறதென்றால் யாரோ இன்றும் கும்பிடுகிறார்கள் என்று பொருள். முதலில் அந்தக் குடும்பத்தாரிடம் போய் உட்கார்ந்து பேசி, அவர்கள் சம்மதத்தைப் பெறுங்கள். பிறகு காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் நான்கு பக்கமும் படமெடுத்து இங்கே இடுங்கள். எழுத்து வட்டெழுத்தா, தமிழா என்பதைப் பார்த்துவிட்டு, தாளும் மையும் எடுத்துக்கொண்டு எப்போது வருவது என்று சொல்கிறேன். பேருந்துச் செலவு மட்டும் உங்கள் மூலநிதியிலிருந்து வேண்டாம்.