மொறிஸ் மைனரில் பற்றரி சார்ஜ் ஏறவில்லை, டைனமோவை மாற்றத்தான் வேண்டுமா?

தீவகத்தான்
வணக்கம், மைனர் வைத்திருக்கிறவர்கள் யாராவது உதவுங்கள். வீட்டில் 1959 மொறிஸ் மைனர் 1000 நிற்கிறது, டைனமோ கார் (ஓடும்போது பற்றரிக்குச் சார்ஜ் தருகிற பழைய வகை), புது வகையான ஒல்ரனேற்றர் போடவில்லை. வேலணையில் இருந்து பண்ணைப் பாலத்தால் ரவுணுக்குப் போய்வரத்தான் எடுக்கிறோம். பற்றரி இந்த வருசம் வாங்கினது. ஆனால் காலையில் ஸ்ராட் பண்ணினால் மோட்டர் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது, இரவில் திரும்பும்போது ஹெட்லைற் மஞ்சளாகி, பாலத்தில் எதிரே சைக்கிளில் வருகிற ஆளைக்கூடக் கிட்டப் போனபிறகுதான் தெரிகிறது. கடையில் கொடுத்து சார்ஜ் ஏற்றினால் கொஞ்ச நாளைக்கு ஓடும், பேந்தும் அதே கதை.

மீற்றர் வைத்துப் பார்த்தேன். இரவு முழுக்க நின்றபிறகு பற்றரியில் 12.1 வோல்ற். ஐடிலில் 11.9. மிதித்தாலும் 12-க்கு மேலே போகவில்லை. டாஷில் இருக்கிற சிவப்பு லைற் ஐடிலில் எரிகிறது, கொஞ்சம் மிதித்தால் அணைகிறது, இன்னும் மிதித்தால் மின்மினிப் பூச்சி மாதிரி மங்கலாகத் திரும்ப எரிகிறது. மெக்கானிக் டைனமோ போய்விட்டது, மாற்று என்கிறார். காசைக் கொட்டி மாற்றியும் சரிவராவிட்டால்?

கோண்டாவிலான்
முதலில் பெல்ற்றைப் பாருங்கள். பெரிய கப்பிகளுக்கு நடுவில் பெருவிரலால் அழுத்தினால் அரை அங்குல அளவுதான் போகவேண்டும். தொளதொள என்றிருந்தால் டைனமோ சுற்றாமல் வழுக்கும். பற்றரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கிளிநொச்சி12வோல்ற்
டைனமோவோடு மல்லுக்கட்டாதீர்கள். ஏதாவது ஜப்பான் காரின் பழைய ஒல்ரனேற்றர் ஒன்றை எடுத்து, பிறாக்கற் அடித்துப் பூட்டினால் ஐடிலிலேயே 14 வோல்ற் நிற்கும். நான் அப்படித்தான் செய்தேன், நிம்மதி.

தீவகத்தான்
பெல்ற் இறுக்கமாகத்தான் இருக்கிறது. முனைகளையும் சுத்தம் செய்தேன், வித்தியாசம் இல்லை. இன்னொன்று, பற்றரியின் பிளஸ்தான் பொடிக்குப் போகிறது. இது சரியா?

கோண்டாவிலான்
ஐயோ, பற்றரியை மாறிப் பூட்டியிருக்கிறார்கள்! உடனே கழற்றுங்கள்!

பழைய ஹயர்காரன்
கழற்ற வேண்டாம் தம்பி, அது சரி. மொறிஸ் மைனர் வரும்போதே பிளஸ்தான் ஏர்த். புதுக் காரோடு பழகின பொடியன்கள் இதைத் திருத்துகிறோம் என்று மாற்றிப் பூட்டித்தான் பல காரில் வேறு வில்லங்கம் தொடங்குகிறது.

டைனமோவில் கைவைக்க முதல் அந்த லைற்றைக் கவனியுங்கள். அதன் ஒரு கால் இக்னிசன் சுவிச்சின் வழியாகப் பற்றரியில், மற்றக் கால் டைனமோவில். இரண்டு பக்கமும் ஒரே வோல்ற் என்றால் எரியாது, வித்தியாசம் இருந்தால் எரியும். ஐடிலில் டைனமோ போதிய அளவு தராது, அதனால் எரிகிறது, அது குறையே இல்லை. மிதிக்க டைனமோ ஏறிப் பற்றரிக்குச் சமனாக வரும், அணைகிறது. அதற்குமேல் மிதிக்கத் திரும்ப எரிகிறது என்றால் டைனமோ பற்றரியையும் தாண்டி மேலே போய்விட்டது என்றுதானே அர்த்தம்? செத்த டைனமோ அப்படிச் செய்யாது. அது உற்பத்தி செய்கிறது, பற்றரிக்குப் போய்ச் சேரவில்லை. வழியில் எங்கோ அடைபட்டிருக்கிறது.

எவ்வளவு மிதித்தாலும் லைற் பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால்தான் நான் டைனமோவைச் சந்தேகிப்பேன். அப்போதும் மாற்றமாட்டேன். டைனமோவில் இருக்கிற இரண்டு வயரையும் கழற்றி, அங்கே டி, எஃப் என்கிற இரண்டு முனையையும் ஒரு துண்டு வயரால் சேர்த்து, அதற்கும் பொடிக்கும் நடுவில் மீற்றர் வைத்து மெல்ல மிதித்துப் பார்ப்பேன். வோல்ற் ஒரே சீராக ஏறினால் டைனமோ நல்லது. 20-க்கு மேலே ஏறவிடக்கூடாது.

இப்போது நீங்கள் செய்யவேண்டியது: எஞ்சின் பக்கத்துச் சுவரில் கறுத்த மூடி போட்ட கொன்றோல் பொக்ஸ் இருக்கும், லூக்காஸ் கொம்பனியுடையது. அதில் ஏ, ஏ1, எஃப், டி, இ என்று எழுத்துகள் இருக்கும். எஞ்சினை நன்றாக மிதித்து வைத்துக்கொண்டு டி-க்கும் பொடிக்கும் நடுவில் ஒருமுறை, ஏ-க்கும் பொடிக்கும் நடுவில் ஒருமுறை அளந்து எழுதுங்கள். பிளஸ் ஏர்த் என்றபடியால் மீற்றரின் சிவப்பு வயர் பொடிக்கு, கறுப்பு டேர்மினலுக்கு. மாறி வைத்தாலும் ஒன்றும் ஆகாது, இலக்கத்துக்கு முன்னால் ஒரு கோடு காட்டும், அவ்வளவுதான்.

தீவகத்தான்
அண்ணை, அளந்தேன். டி-யில் 16.2. ஏ-யில் 12.0.

பழைய ஹயர்காரன்
பிடிபட்டுவிட்டது. சார்ஜ் போகாமல் டைனமோ தனியே சுற்றும்போது அந்தப் பொக்ஸில் இருக்கிற ரெகுலேற்றர் அதை 16 வோல்ற்றுக்கு ஒட்டித்தான் பிடித்து வைக்கும். ஆக டைனமோவும் நல்லது, ரெகுலேற்றரும் நல்லது. டி-க்கும் ஏ-க்கும் நடுவில் நிற்கிறது கட்-அவுட், தானாக மூடித் திறக்கிற ஒரு சுவிச். டைனமோ 13 வோல்ற் அளவுக்கு வந்ததும் அது மூடிப் பற்றரியோடு இணைக்கவேண்டும், எஞ்சின் நின்றதும் பற்றரி டைனமோவுக்குள் திரும்பி வடியாமல் திறக்கவேண்டும். உங்களுடையது ஒன்றில் மூடவில்லை, அல்லது மூடியும் பொயின்ற் (ஒன்றோடொன்று தொடுகிற முனை) கறுத்துப்போய்க் கடத்தவில்லை. அந்த 4 வோல்ற்தான் உங்களுடைய மின்மினிப் பூச்சி.

பற்றரி வயரைக் கழற்றிவிட்டு மூடியைத் திறவுங்கள், ஏ டேர்மினலில் எப்போதும் பற்றரி நிற்கும், பியூஸ்கூட இல்லை. இரண்டு சுருள் இருக்கும், தடித்த வயர் சுற்றின பக்கத்துப் பொயின்ற்தான் கட்-அவுட். கண்ணாடித்தூள் ஒட்டின நைசான மண்கடதாசியை நாடா மாதிரி வெட்டி, பொயின்ற்றுக்கு நடுவில் விட்டு மெல்ல இழுங்கள். எமரி வேண்டாம், அதன் துகள் அந்தப் பொயின்ற்றில் பதிந்துவிடும். பிறகு ஸ்பிரிற்று தொட்ட துணியால் துடையுங்கள். ஒரு திருகாணியையும் திருப்பவேண்டாம். பற்றரி பூட்டியிருக்க, எஞ்சின் நிற்கும்போது கட்-அவுட்டை விரலால் அமத்திப் பார்க்கிற வேலையும் வேண்டாம், பற்றரி முழுவதும் டைனமோவுக்குள் பாயும். பொடிக்குப் போகிற இ வயரையும் கழற்றிச் சுரண்டிப் பூட்டுங்கள்.

கிளிநொச்சி12வோல்ற்
இப்படி எத்தனை நாளைக்குச் சுரண்டிக்கொண்டே இருக்கப்போகிறார், ஐயா?

பழைய ஹயர்காரன்
வருசக்கணக்காகத் தொடாமல் விட்டதைத்தான் சுரண்டுகிறோம். இந்த டைனமோ நல்ல வேகத்தில் 20 அம்பியர் அளவில் தரும். இரண்டு ஹெட்லைற், பார்க் லைற், வைப்பர் எல்லாம் போட்டாலும் 15 தாண்டாது. எயார் ஹோர்ன், பெரிய செற் எல்லாம் பூட்டுகிறவருக்கு ஒல்ரனேற்றர் வேண்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஏர்த்தை மைனசுக்கு மாற்றி, கொயில் வயரை மாற்றி, பிறாக்கற் அடித்து... மைனருக்கு ஒரு பொயின்ற் கறுத்ததற்கு இவ்வளவும் தேவையா? ஒஸ்ரின் ஏ40 ஹயர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டின ஊர் இது, கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்டோம். டைனமோவுக்கு இவ்வளவு பயமா!

தீவகத்தான்
அண்ணை, பொயின்ற் கரி மாதிரிக் கறுத்திருந்தது. சொன்னபடி செய்தேன். இப்போது மிதிக்க டி-யும் ஏ-யும் கிட்டத்தட்ட ஒன்றாக நிற்கின்றன, பற்றரியில் 13.4, கொஞ்சத் தூரம் ஓடினபிறகு 14-ஐத் தொட்டது. சிவப்பு லைற் எவ்வளவு மிதித்தாலும் திரும்ப எரியவில்லை. ஆனால் ஸ்ராட் பண்ணும்போது இன்னும் அதே இழுவை. பற்றரியைக் கழற்றிக் கடையில் முழுக்கச் சார்ஜ் ஏற்றியும் பார்த்தேன், நின்றபிறகு 12.6 காட்டுகிறது.

கோண்டாவிலான்
12.6 என்றால் பற்றரி நிறைய இருக்கிறது. அப்போ ஸ்ராட்டர் மோட்டரா?

பழைய ஹயர்காரன்
அதற்கு முதல் ஏர்த். மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் பிளஸ் குமிழிலேயே வையுங்கள், கிளிப்பில் அல்ல. மற்ற முனையை எஞ்சின் பிளொக்கில், பெயின்ற் இல்லாத இரும்பில். கொயிலில் இருந்து டிஸ்ரிபியூட்டருக்குப் போகிற தடித்த வயரைக் கழற்றிவிட்டு ஒருவரை ஸ்ராட்டரை இழுக்கச் சொல்லுங்கள். சுற்றும்போது அரை வோல்ற்றுக்கு மேலே காட்டினால் அந்த வழியில் எங்கோ துருப்பிடித்திருக்கிறது. சும்மா நிற்கும்போது அளந்தால் சைபர்தான் காட்டும், நூறு அம்பியருக்கு மேலே ஓடும்போதுதான் குட்டு வெளிப்படும்.

தீவகத்தான்
1.6 காட்டியது! எஞ்சினையும் பொடியையும் இணைக்கிற பின்னல் பட்டை பச்சையாகப் பூத்து, பாதி இழை அறுந்துபோய் இருக்கிறது.

பழைய ஹயர்காரன்
இரண்டு பக்கமும் கடல் இருக்கிற பாதையில் ஓடுகிற காருக்கு அதுதான் வரும். புதுப் பட்டை ரவுணில் மோட்டர் கடைகளில் கிடைக்கும், மைனருக்கென்று கேட்கத் தேவையில்லை, நீளமும் துளையும் சரிவந்தால் போதும். பூட்டுகிற இடத்தைப் பளபளப்பாகச் சுரண்டி, இறுக்கினபிறகு மேலே கிறீஸ் பூசுங்கள்.

தீவகத்தான்
பூட்டியாயிற்று, ஒரு இழுவைக்கு ஸ்ராட் ஆகிறது. மிச்சம் ஒரு கேள்வி, சிக்னலில் நிற்கும்போது ஹெட்லைற் கொஞ்சம் மங்குகிறது. அதற்கும் ஏதாவது செய்யவேண்டுமா?

பழைய ஹயர்காரன்
வேண்டாம் தம்பி. ஐடிலில் பற்றரிதான் லைற்றைக் காவுகிறது. கனநேரம் நிற்கவேண்டி வந்தால் பார்க் லைற்றுக்கு மாற்றுங்கள். மெக்கானிக்கிடம் டைனமோவுக்கு முற்பணம் ஏதும் கொடுத்திருந்தால் நாளைக்கே போய்த் திருப்பி வாங்குங்கள்.